ஒப்பு பார்க்காமல் விட்டது

தம்பி,

நீ போனில் அனுப்பிய கல்யாணப் பத்திரிகை மாதிரியைப் பக்கத்துக் கடையில் காகிதத்தில் எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை வாசித்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவனிடம் பிழை பார்க்கக் கொடுத்தால் சும்மா விடுவானா? முகூர்த்த நேரம் சரி. பெண் வீட்டார் ஊர் தா.பழூர், புள்ளி உட்படச் சரி. உன் அத்தை புருஷன் பெயருக்குப் பின்னால் போட்டிருக்கும் பட்டம் அவர் பரீட்சை எழுதி வாங்கியதில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், கல்யாண வீட்டில் அவரை முறைத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது. உன் அம்மா பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ என்று போட்டிருக்கிறாய். அதிலும் எழுத்துப்பிழை இல்லை. ஆனால் அந்தச் சொல்லைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக எனக்கு வெகுநேரம் ஆயிற்று. ஏன் என்று சொல்லத்தான் இன்று ஆபீஸ் பக்கம் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ரத்தப் பரிசோதனையைப் பற்றி உன்னிடம் மறுபடியும் பேச்செடுத்தேன். அம்மாவிடம் இருந்த குறை உனக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, ஒருமுறை ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லி இரண்டு வருஷமாகிறது. நீ ஒசூரில் வேலை, லீவு இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தாய். இந்த முறை புதிதாக ஒன்று சொன்னாய். “கல்யாணம் முடியட்டும்ப்பா, அப்புறம் பாத்துக்கலாம். அவங்க வூட்ல இப்போதைக்கு ஒண்ணும் சொல்லிக்க வேணாம்.” நான் உடனே போனை வைத்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபப்பட எனக்கு வாயில்லை. கல்யாணம் முடியட்டும் என்பது நான் சொன்ன வார்த்தை. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னது அட்சரம் பிசகாமல் உன் வாயிலிருந்து வந்தது.

என் தொழிலில் எழுதுவது பாதி வேலைதான். மீதிப் பாதி ஒப்பு பார்ப்பது. ஒருவர் அசலை வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் நகலில் விரலை வைத்துக்கொண்டு கூடவே வர வேண்டும். எனக்கு ஒப்பு பார்த்தது யார் என்று உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்தான் உன் அம்மா. ஆனால் செந்துறையில் இருக்கிற அத்தனை பத்திர எழுத்தரையும் ஒரு தட்டில் வைத்து அவள் கண்ணை மறுதட்டில் வைத்தால் அவள் பக்கம்தான் தாழும். உலை கொதிக்கும்போது அவள் வாசிப்பாள், நான் விரலால் வருவேன். சில நாள் மாறி நடக்கும். எங்காவது நான் ஒரு வார்த்தையை விழுங்கியிருந்தால் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாள். அந்தச் சத்தம் உனக்கு நினைவிருக்கும்.

ஒரே ஒரு பத்திரத்தை மட்டும் அவளிடம் காட்டாமல் பதிவுக்குக் கொடுத்தேன். அன்றைக்கு எங்களுக்குள் ஏதோ சண்டை, காரணம் கூட மறந்துவிட்டது. அண்ணன் தம்பி இருவருக்குப் பாகப்பிரிவினை. பத்திரத்தில் ‘மேற்படி நிலத்தில்’ என்று ஒரு வரி தொடங்கும், அடுத்த வரியும் ‘மேற்படி நிலத்தில்’ என்றே தொடங்கும். கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிட்டது. விட்டுப்போன வரியில்தான் தம்பி தன் கிணற்றுக்குப் போக வர அண்ணன் நிலத்தில் பாதை உண்டு என்று இருந்தது. அவர்கள் உயிரோடு இருக்கிறவரை அது வெளியே தெரியவில்லை. அவர்கள் பிள்ளைகள் காலத்தில் வேலி போட்டு, வெட்டுக்குத்து வரை போய், இன்றைக்கும் ஒரு வீட்டுச் சாவுக்கு இன்னொரு வீடு போவதில்லை. ஒரு வரிதான். பிழை விழுந்த அன்றைக்கு யாருக்கும் வலிக்காது என்பதை நான் அதில்தான் கற்றேன். கற்றது எனக்குப் பயன்படவில்லை, அது வேறு.

அக்காவுக்கு வாலிகண்டபுரத்தில் சம்பந்தம் முடிந்து, கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது உன் அம்மா அடுப்படியில் மயங்கி விழுந்தாள். மாதக்கணக்கில் உதிரப்போக்கு இருந்திருக்கிறது, கல்யாண வேலையில் எங்களிடம் மறைத்திருக்கிறாள். அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கருப்பையை எடுத்துவிட்டார்கள். நம் பக்கத்தில் நாற்பது தாண்டிய பெண்ணுக்குக் கர்ப்பப்பை எடுப்பதென்பது பல் பிடுங்குவது மாதிரி. ஆர்லிக்ஸ் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள், ஏன் எடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அங்கிருந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உள்ளே பார்க்க நன்றாக இல்லை, பயாப்சி பார்த்தே ஆக வேண்டும் என்றார். எடுத்த சதையை மருந்துத் தண்ணீரில் போட்டு, வாயகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, ஒரு சீட்டையும் கொடுத்துத் திருச்சி லேபில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார்கள். சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் அதுதான் வழக்கம். நோயாளி வீட்டு ஆள்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நான் டப்பாவை மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு திருச்சி பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

கல்லக்குடியில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஏறினார். நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மடியிலும் ஒரு பை. உறவுக்காரர்களுக்குப் பத்திரிகை வைத்துக்கொண்டு வருகிறார். மஞ்சள் தடவிய மூலை, மேலே உன் அக்காவின் பெயர். பேச்சுவாக்கில் என் பையைப் பார்த்தார். “என்னங்க சம்பந்தி, டப்பாவுல?” என்றார். நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. எலுமிச்சை ஊறுகாய், எங்கள் அக்கா வீட்டுக்கு என்றேன். “அக்கா வூட்டுக்கு மட்டுந்தானா? எங்களுக்கெல்லாம் கெடையாதா?” என்று சிரித்துக்கொண்டே டப்பாவின் மூடியைத் தட்டினார். அவர் விரல் பட்ட இடத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாக இறங்கிக் காபி குடிப்போம் என்றார் வேறு. அவர் கூட வந்தால் லேபுக்கு எப்படிப் போவது? அக்கா வீடு டோல்கேட்டில்தான் என்று சொல்லி, கொள்ளிடம் பாலத்துக்கு முந்தைய அந்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். உனக்கு டோல்கேட்டில் எந்த அத்தையும் கிடையாது.

பயத்தில் செய்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். பத்து நிமிஷத்தில் அடுத்த பஸ் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. இரண்டையும் நான் விட்டேன். கேன்சர் என்று அந்த லேபிலிருந்து ஒரு காகிதம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று நின்றுகொண்டு யோசித்தேன். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று பெண் வீட்டைப் பெருமையாகவும் சொல்வார்கள், பெண்ணை வேண்டாம் என்று தள்ளவும் அதையே சொல்வார்கள். எனக்கு உன் அம்மாவைப் பேசும்போதே அவள் அப்பா காமாலையில் போனதாகத்தான் சொன்னார்கள். கட்டிய பிறகுதான் தெரிந்தது, அவர் ஐம்பது வயதுக்குள் குடலில் கட்டி வந்து ரத்தமாகப் போய்ச் செத்தவர் என்று. என்னிடம் மறைத்தார்கள், நானும் மறைக்கிறேன், ஊரில் நடக்காததா என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். கரையோரமாக நடந்துபோய், மணலைக் கையால் பறித்து, டப்பாவைப் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்தேன். ஆற்றில் இறங்கிக் கை கால் கழுவினேன். அந்த ஒன்றில் மட்டும் சாஸ்திரம் தவறவில்லை.

டாக்டரிடம் போனில் ரிப்போர்ட் வந்துவிட்டது, ஒன்றும் இல்லையாம் என்றேன். கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். கல்யாணம் முடியட்டும் சார் என்றேன். உன் அம்மாவிடம் சாதாரணக் கட்டி என்றேன். அவள் அசலைக் கேட்கவில்லை. நான் வாசித்ததை அப்படியே நம்பிய ஒரே தடவை அதுதான். அக்கா கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. மணவறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உன் அம்மாவை உட்கார வைத்திருந்தோம். பச்சைப் பட்டு, முகம் வெளுத்திருந்தாலும் சிரிப்பு மாறவில்லை. பெரியப்பா பந்தியில் ஊறுகாயைக் காட்டி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கல்யாணம் முடிந்தது. நான் யாருக்கும் எதையும் கொண்டுபோய்க் காட்டவில்லை. ஆறு வருஷம் ஒன்றும் நடக்காததால் நான் செய்தது சரிதான் என்று கூட நினைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். மூலம் என்று நாட்டு மருந்து சாப்பிட்டாள், எடை இறங்கியது, திருச்சிக்குக் கொண்டுபோனபோது குடலில் இருந்தது கல்லீரலுக்கும் போய்விட்டிருந்தது. உனக்குத் தெரியாத பாதி இது. பரம்பரை வியாதி பற்றி விசாரிக்க ஒரு டாக்டரம்மா வந்தார், சின்ன வயது. முன்னால் ஏதாவது ஆபரேஷன் நடந்ததா, அதன் பயாப்சி ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். “நீங்கதான வாங்கிட்டு வந்தீங்க? எங்க வச்சிருக்கீங்க?” என்றாள். தொலைந்துவிட்டது என்றேன். உன் தாத்தா காலத்து வரி ரசீது வரை டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறவன் நான். “ஒங்ககிட்ட தொலையுமா?” என்றாள். அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. டாக்டரம்மாவிடம் திரும்பி, “எம்புள்ளைங்களுக்கு உதவும்னா எவ்வளவு ரத்தம் வேணுமோ எடுத்துக்கங்க” என்று கையை நீட்டினாள். அந்த ரத்தத்தின் ரிப்போர்ட் வந்தபோது அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது.

ரிப்போர்ட்டை வாங்க நான் தனியாகப் போனேன். என்ன வேலை செய்கிறேன் என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன். அப்படியானால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும் என்று ஒரு காகிதத்தை எடுத்துக் கோடு போட்டுச் சொன்னார். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்று ஒரு நீளமான எழுத்து இருக்கிறது. மொத்தம் நான்கே எழுத்து, அதையே மாற்றி மாற்றி முன்னூறு கோடி எழுத்துக்கு எழுதியிருக்கிறது. செல் இரண்டாகும்போதெல்லாம் அதை முழுசாக நகல் எடுக்க வேண்டும். குடலின் உள்தோலும் கருப்பையின் உள்தோலும் ஓயாமல் புதுசாகிக்கொண்டே இருப்பவை என்பதால் அங்கே நகல் வேலை ஓய்வதே இல்லை. எடுக்கிறவன் கெட்டிக்காரன்தான், ஆனாலும் பிழை விழும். அதனால் பின்னாலேயே ஒப்பு பார்க்கிற நொதிகள் ஒரு கூட்டமாக வருகின்றன. எம்.எஸ்.எச். 2 என்பது அந்தக் கூட்டத்தில் முன்னால் போகிற ஆள். துணைக்கு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டு எழுத்தின் மேலேயே ஊர்ந்துபோய், ஜோடி பொருந்தாத இடத்தில் நின்றுவிடும். பின்னால் வருபவை புதிய நகலில் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, அசலைப் பார்த்துத் திரும்ப எழுதும். பிழை எந்த இடத்தில் அதிகம் விழும் என்று நான் கேட்டேன். ஒரே மாதிரி எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகிற இடத்தில், அங்கேதான் வழுக்கிவிடும் என்றார். மேற்படி, மேற்படி. சிரிக்கக் கூடாத இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்து, அதுவே அழுகையாகிவிட்டது. அந்தப் பெண் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அந்த நொதியைச் செய்யும் குறிப்பு எல்லோருக்கும் இரண்டு இருக்கிறது, அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று. உன் அம்மாவுக்கு அவள் அப்பாவிடமிருந்து வந்தது பிறக்கும்போதே பழுது. இன்னொன்று நன்றாக இருந்ததால் வேலை நடந்தது. ஏதோ ஒரு செல்லில் அந்த இன்னொன்றும் கெட்டுப்போகும்போது அங்கே ஒப்பு பார்க்க ஆளில்லை. அந்தச் செல் அன்றைக்கே புற்றாகிவிடாது. பிழைகள் மேல் பிழைகளாகச் சேரும், எழுத்து முழுவதும் நிலை தடுமாறும். வளர்ந்தது போதும், நில் என்று சொல்கிற வரியில் பிழை விழுகிற நாளில்தான் வினை. அதற்கு வருஷங்கள் ஆகும். அந்த வருஷங்கள்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம் என்றார் டாக்டரம்மா. முன்பே தெரிந்திருந்தால் என் மனைவி பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். “உறுதியாச் சொல்ல முடியாது சார். ஆனா வருஷா வருஷம் குடல்ல டியூப் விட்டுப் பாத்திருப்போம். கட்டி ஆகுறதுக்கு முன்னாடியே எடுத்திருப்போம்” என்றார். நான் மணலில் புதைத்த டப்பாவில் அந்த ஆறு வருஷம் இருந்தது தம்பி. பத்திரிகையில் உன் அம்மா பெயருக்கு முன்னால் இருக்கிற அந்தச் சொல்லை எழுதியதில் என் கையும் இருக்கிறது. அவளிடம் இதைச் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். கஞ்சி ஊட்டும்போது, கால் பிடித்துவிடும்போது, பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கி எழுந்தபோது. சொல்லவில்லை. சொல்லாமலே அனுப்பிவிட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். ரிப்போர்ட் வந்த வாரமே வாலிகண்டபுரம் போய், அவள் வீட்டுக்குப் பின்னால் மக்காச்சோளம் காய்கிற களத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள். “என் கல்யாணத்துக்காகவாப்பா அம்மாவப் பொதைச்சீங்க?” பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள். நாற்பது நாளுக்கு மேல் என்னோடு பேசவில்லை. அந்தச் சமயத்தில்தான் நீ போன் போட்டு, அக்காவுக்கும் உங்களுக்கும் என்ன சண்டை என்று கேட்டாய். நான் ஏதோ சொத்து விஷயம் என்றேன். அதுவும் பொய்தான், அதையும் சேர்த்து இன்றைக்குத் திருத்திக்கொள். அவளாகவே ஒருநாள் கூப்பிட்டு ரத்தம் எங்கே கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். மூன்றாவது வாரம் முடிவு வந்தது. அவளுக்கு இருக்கிறது. அன்று மாலையே புருஷனையும் மாமியாரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என் மகள் என்னைவிட நெஞ்சுறுதிக்காரி. இதில் அவள் அம்மாவைக் கொண்டிருக்கிறாள்.

பெரம்பலூரில் அவளுக்குக் குடலில் டியூப் விட்டுப் பார்த்த அன்று மாப்பிள்ளைக்குத் துணையாக அந்தப் பெரியப்பாவும் வந்திருந்தார். நான் எதிர் பெஞ்சில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரியே. தன் தாயாரும் மார்பில் கட்டி வந்துதான் இறந்தார் என்றும், தன் தங்கைக்கு வரன் பார்க்கும்போது நெஞ்சுவலி என்று சொல்லித்தான் முடித்தார்கள் என்றும் சொன்னார். கடைசியில், “அன்னிக்கு ஊறுகா இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, நானே லேப் வரைக்கும் கூட வந்திருப்பேன் சம்பந்தி” என்றார். எந்த மனிதருக்குப் பயந்து நான் பஸ்ஸிலிருந்து இறங்கினேனோ அவர் சொன்னது இது. அவர் அன்றைக்கு உண்மையிலேயே வந்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது, ஒருவேளை அவருக்கும் தெரியாது. கேட்டுப் பார்க்காமல் அவருக்கும் சேர்த்து நானே பதில் எழுதிக்கொண்டேன் என்பது மட்டும் தெரியும்.

நீயும் இப்போது அதைத்தான் செய்கிறாய். அந்தப் பெண்ணுக்கும் அவள் வீட்டுக்கும் சேர்த்து நீயே பதில் எழுதி, அதற்குப் பயந்துகொண்டிருக்கிறாய். உனக்குப் பயம் இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, எனக்கே இருக்கிறது. ஒரு சென்ட் மனை வாங்குவதானாலும் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கச் சொல்கிற ஊர் இது. கல்யாணத்தில் மட்டும் வில்லங்கத்தை மறைப்பதுதான் சாமர்த்தியம் என்று நினைக்கிறோம். உனக்கு அந்தப் பழுது வராமலே இருக்கலாம். அப்படியானால் உன் பிள்ளைகளுக்கும் வராது, இந்தக் கதை உன்னோடு முடிந்துவிடும். வந்திருந்தாலும் அது நோய் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே வரவேண்டிய ஒரு விஷயம். தெரிந்துகொள்வதும் கொள்ளாததும் உன் உரிமை என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார், அதில் நான் கை வைக்க முடியாது. ஆனால் பிள்ளைகளுக்கு உன் வழியில் போகிற பாதியை நீ மறைத்தால், அந்தப் பெண் தன் பிள்ளைகளை எதற்காகக் காவல் காக்க வேண்டும் என்பதே தெரியாமல் வளர்ப்பாள். பழுதை உன் அம்மா வழி கொடுத்தது, அதற்கு யாரும் பொறுப்பில்லை. மூடி மறைக்கிற பழக்கத்தை நான் கொடுத்திருக்கிறேன். அதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. நீயேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று பெரம்பலூரில் அக்காவின் குடலிலிருந்து மிளகளவு ஒரு சதையை எடுத்தார்கள். இந்த வயதில், இந்த அளவில் பிடித்தது நல்லது என்றார்கள். அதையும் திருச்சி லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரி ஆளே மாலையில் கொண்டுபோவார் என்றார்கள். மயக்கம் தெளிந்து உட்கார்ந்திருந்த அக்கா அந்தச் சின்ன டப்பாவை நர்ஸிடமிருந்து வாங்கி, என் கையில் வைத்தாள். “நீங்களே கொண்டுபோங்கப்பா” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். நான் அதே மாதிரி ஒரு மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். சமயபுரம் தாண்டியதும் கண்டக்டர், டோல்கேட்டெல்லாம் எறங்கு என்று கத்தினார். பாதிப் பேர் இறங்கினார்கள். பக்கத்து சீட்டுக்காரர் நானும் இறங்குகிறேனோ என்று காலை ஒதுக்கி வழி விட்டார். இல்லைங்க, பயாப்சி, லேபுக்குப் போகிறேன், என் மகளுக்கு என்றேன். பஸ் பாலத்தில் ஏறியது. கீழே அந்தக் கரை முழுக்க நாணல் மண்டிக் கிடந்தது. நான் கல் வைத்த இடம் எது என்று தெரியவில்லை. லேபில் டப்பாவைக் கொடுத்து, ரசீது வாங்கி, நான்கு நாள் கழித்துப் போய் ரிப்போர்ட்டையும் வாங்கினேன். புற்று இல்லை. அதை டிரங்குப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருக்கிறேன்.

பத்திரிகையில் திருத்தம் எதுவும் இல்லை, அச்சுக்குக் கொடுக்கலாம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை நீ தா.பழூர் போய் அந்தப் பெண்ணைப் பார். பெரியவர்களைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடு. போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு நீ வாய்விட்டு வாசி, அவள் காகிதத்தில் விரல் வைத்துக்கொண்டு கூடவே வரட்டும். ஏதாவது ஒரு வரியை நீ விழுங்கினால் அவள் நிறுத்துவாள். அந்த இடத்திலிருந்து மறுபடியும் வாசி.

அப்பா